தண்ணி கேன், டின் மீன், தாங்கிப் பூச்சு: பிஸ்பினோல் எதுல இருந்து எவ்வளவு வருது?

#1 புள்ளக்காம்பரா

தோட்டத்துப் பிள்ளைப் பராமரிப்பு நிலையம் ஒன்றுக்கு வருசச் சாமான் பட்டியல் எழுதணும். 35 பிள்ளைகள், ஒரு வயசுல இருந்து அஞ்சு வயசு வரை. நுவரெலியாப் பக்கம், 1,800 மீட்டர் உயரத்துக்குக் கிட்ட. சில கடினப் பிளாஸ்டிக்குலயும், டின்னுக்குள்ள பூசுற எபொக்சிலயும் இருக்கிற பிஸ்பினோல் ஏ (பி.பி.ஏ.) என்ற இரசாயனம் பற்றிப் பெற்றோர் கேக்கிறாங்க. வாட்ஸ்அப்புல வர்ற பயமுறுத்தல் போதும். எதை வாங்கணும், எதை எறியணும், எதை அப்படியே விடலாம்னு விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

நிலவரம் இதுதான். குடிதண்ணிக்கு 19 லீட்டர் கேன் ஆறு, அடியில முக்கோணத்துக்குள்ள 7. காய்ச்சின தண்ணிய சூட்டோட அதுலயே ஊத்தி வைக்கிறாங்க. பால் போத்தல் பல மாதிரி, சிலதுல இலக்கமே இல்ல. கிழமைக்கு ரெண்டு நாள் டின் மீன். தண்ணித் தாங்கி சீமெந்து, உள்ளளவு 3 × 3 × 2 மீட்டர். ஒழுகுதுன்னு உள்ளுக்கு எபொக்சி பூசப்போறாங்க, டிசம்பர்ல.

#2 சோதனைக்குழாய்

கேனில இருந்து தொடங்குவோம்.

7 என்பது ஒரு பிளாஸ்டிக்கின் பெயர் அல்ல. 1 முதல் 6 வரை சேராத எல்லாவற்றையும் போடும் கூடை அது. பொலிகாபனேட் அதற்குள் வரும். நைலோன், சோளத்தில் செய்யும் பி.எல்.ஏ., டிரைட்டன் எல்லாமும் வரும். ஆனால் 19 லீட்டர் தண்ணிக் கேன் ஒன்றில் 7 என்று இருந்தால், அது பொலிகாபனேட் என்றே எடுத்துக்கொள்ளலாம். அந்த அளவுக் கேன்கள் பொலிகாபனேட்டில் வரும், அல்லது பி.ஈ.டி.யில் வரும். பி.ஈ.டி.க்கு இலக்கம் 1.

பொலிகாபனேட்டின் சங்கிலி முழுக்க பி.பி.ஏ.தான். பி.பி.ஏ. மூலக்கூறுகளைக் காபனேட் பிணைப்பால் கோர்த்தால் பொலிகாபனேட். அந்தப் பிணைப்பைத் தண்ணீர் மெதுவாக அறுக்கும். சூடு ஏறினால் வேகமாக அறுக்கும். காரம் சேர்ந்தால் இன்னும் வேகம்.

எவ்வளவு வேகம்? 2008இல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் குடிதண்ணிப் போத்தல்களை வைத்துப் பார்த்தார்கள். அறை வெப்பநிலைத் தண்ணீரோடு ஒப்பிட்டால், கொதிதண்ணீர் பட்டபின் பி.பி.ஏ. வெளிவரும் வேகம் 15 முதல் 55 மடங்கு வரை கூடியது. போத்தல் புதிதா பழையதா என்பதில் பெரிய வித்தியாசம் வரவில்லை. தண்ணீரின் சூடுதான் தீர்மானித்தது. நுவரெலியா உயரத்தில் தண்ணீர் 94 பாகை செல்சியஸ் அளவில் கொதிக்கும். அந்த ஆறு பாகைக் குறைவு இந்த விஷயத்தில் ஒன்றும் காப்பாற்றாது.

ஆகவே சுடுதண்ணீரை அந்தக் கேனில் ஊற்றுவதை இன்றைக்கே நிறுத்துங்கள். கேனை மாற்றக் காசு வரும்வரை, எவர்சில்வர் அண்டாவில் காய்ச்சி, மூடி, அதிலேயே ஆறவிட்டுப் பிறகு ஊற்றலாம்.

ஆறின தண்ணீரிலும் வரவே வராது என்று இல்லை. 2009இல் வெளியான ஹாவர்ட் ஆய்வில் 77 மாணவர்கள் ஒரு கிழமை பொலிகாபனேட் போத்தலில் குளிர்பானம்தான் குடித்தார்கள், சிறுநீரில் பி.பி.ஏ. 69 சதவீதம் உயர்ந்தது. அதனால் மாற்றுவது நல்லது. சூட்டை நிறுத்துவது அவசரம்.

#3 ஊவாக்காற்று

> அடியில முக்கோணத்துக்குள்ள 7

இலக்கம் அழிஞ்சு போனதுக்கு ஒரு வழி. நெருப்பு வெச்சுப் பாக்க வேண்டாம், அந்தப் புகை நல்லதில்ல.

பால் மாதிரி மங்கலா, விரலால அமுக்கினா வளைஞ்சா பொலிப்புரொப்பிலீன் (5) அல்லது பொலித்தீன் (2, 4). ஒடிஞ்ச துண்டு கிடைச்சா தண்ணில போடுங்க: இந்த ரெண்டும் மிதக்கும். பொலிகாபனேட்டோட அடர்த்தி 1.20, பி.ஈ.டி. 1.38 கிட்ட, ரெண்டும் தாழும். இது ரெண்டையும் பிரிக்க சுடுதண்ணி போதும். பி.ஈ.டி. 75 பாகைக்கு மேல சுருங்கி நெளிஞ்சிரும். பொலிகாபனேட் 147 பாகை வரைக்கும் இளகாது. கண்ணாடி மாதிரி தெளிவு, தட்டினா 'டங்'னு சத்தம், கொதிதண்ணி ஊத்தினாலும் அசையல, வாங்கி பத்து வருசமாச்சு: அது பொலிகாபனேட்தான். லேசான தேன் நிறம் இருந்தா பொலிஈதர்சல்போன். அதுல பி.பி.ஏ. இல்ல, ஆனா பிஸ்பினோல் எஸ் இருக்கு. அதைப் பற்றிப் பிறகு.

#4 பழையபேணி

ஒரு விஷயம் எல்லாரும் விடுறாங்க. கேனை எதால கழுவுறாங்க?

லயத்துப் பக்கம் (தோட்டத்து வரிசை வீடுகள்ல) பாத்திரம் தேய்க்கிறது அடுப்புச் சாம்பலால. சாம்பல்ல பொட்டாசியம் காபனேற்று இருக்கு, நல்ல காரம். எவர்சில்வர், மண் பாத்திரத்துக்கு அதைவிட நல்ல சாமான் கிடையாது. பொலிகாபனேட்டுக்கு அதுதான் எமன்: காரம் பிணைப்பை அறுக்கும், சாம்பல் மணல் கீறல் போடும், கீறல்ல தண்ணி படுற பரப்புக் கூடும். சலவைச் சோடாவும் இதே கணக்குத்தான்.

காரத்தோட வேலை எவ்வளவு தூரம் போகும்னு 1998ல அமெரிக்காவுல ஒரு ஆய்வுகூடத்துல தெரிஞ்சுது. எலிக்கூடு பொலிகாபனேட். தரை கழுவுற காரமான திரவத்தால அதைக் கழுவிட்டாங்க. கூடு மங்கி, பி.பி.ஏ. ஒழுக, பெண் எலிகளோட முட்டைக்கலத்துல நிறமூர்த்தம் பிரியிறது குழம்பிப் போச்சு. பட்ரிசியா ஹன்ட் அதைத் தேடிப்போய்க் கண்டுபிடிச்சு 2003ல வெளியிட்டாங்க. அவங்க பி.பி.ஏ. ஆராய்ச்சியே பண்ணிக்கிட்டு இருக்கல. எலி திடீர்னு கெட்டுப்போச்சேன்னு பாத்ததுதான்.

மங்கல், மஞ்சள், சிலந்தி வலை மாதிரி மயிர்க்கோட்டு வெடிப்பு: மூணுல ஒண்ணு தெரிஞ்சாலும் அந்தக் கேன் தண்ணிக்கு வேண்டாம். விதை, உலர்ந்த சாமான் போட்டு வைக்கலாம். இருக்கிற நல்ல கேனை ஆறின தண்ணி, மென்மையான சவர்க்காரத் திரவம், துணி, அவ்வளவுல கழுவுங்க.

#5 சோதனைக்குழாய்

பால் போத்தலுக்கு நேரடியாக: இலக்கம் இல்லாத தெளிவான கடினப் போத்தல் எல்லாவற்றையும் விலக்குங்கள். பொலிகாபனேட் பால் போத்தலை ஐரோப்பிய ஒன்றியம் 2011இலும் அமெரிக்கா 2012இலும் நிறுத்திவிட்டன. பழைய போத்தல்தான் சிக்கல்.

கண்ணாடி முதல் தெரிவு. உடையும் என்று பயம் இருந்தால் பொலிப்புரொப்பிலீன். அதில் பிஸ்பினோல் இல்லை. ஆனால் 2020இல் டப்ளினில் செய்த ஆய்வில், பொலிப்புரொப்பிலீன் போத்தலில் 70 பாகைச் சுடுநீரில் பால்மா கலக்கினால் லீட்டருக்கு 1 கோடி 62 இலட்சம் நுண்துகள் வரை உதிர்ந்தது. பால்மாவை 70 பாகைக்குக் குறையாத நீரில் கரைக்கச் சொல்வது உலக சுகாதார நிறுவனம், கிருமிக்காக. அதை விடக்கூடாது. எவர்சில்வர் கோப்பையில் கரைத்து, குலுக்காமல் கரண்டியால் கலக்கி, உடல் சூட்டுக்கு ஆறியபின் போத்தலில் ஊற்றினால் இரண்டும் சரியாகும்.

#6 நானுஓயா_நிலையம்

ஒரு எதிர்க்கேள்வி. பி.பி.ஏ. உடம்புக்குள்ள போன சில மணித்தியாலத்துல ஈரல் அதை குளுக்குரோனைட்டா (வேலை செய்யாத, தண்ணில கரையிற வடிவம்) மாத்தி சிறுநீர்ல அனுப்பிருது, அரைவாழ்வு (பாதி வெளியேற எடுக்கிற நேரம்) ஆறு மணித்தியாலம் கிட்ட. தங்குற சாமான் இல்ல. ஜெர்மனியோட இடர் மதிப்பீட்டு நிறுவனம் பி.எஃப்.ஆர்., ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபையோட 2023 முடிவையே ஏத்துக்கல. அப்ப இவ்வளவு அமளி எதுக்கு?

#7 சோதனைக்குழாய்

நியாயமான கேள்வி. வேகமாக வெளியேறுவது உண்மை. ஆனால் தினமும் புகுந்தால் தினமும் இருக்கும். 2003-04இல் அமெரிக்காவில் ஆறு வயதுக்கு மேற்பட்ட 2,517 பேரின் சிறுநீரைப் பார்த்ததில் 93 சதவீதத்தில் பி.பி.ஏ. இருந்தது.

அந்தச் சண்டை எண்ணைப் பற்றியது. ஒரு நாளைக்கு உடல் நிறையில் ஒரு கிலோவுக்கு எவ்வளவு வரை போகலாம்? ஐரோப்பிய அதிகாரசபை 2015இல் சொன்னது 4 மைக்ரோகிராம். 2023 ஏப்ரலில் அதே சபை சொன்னது 0.2 நனோகிராம். 20,000 மடங்கு குறைப்பு. எலியின் நோயெதிர்ப்புக் கலம் ஒரு வகை கூடியதை அடிப்படையாக வைத்தார்கள். பி.எஃப்.ஆர். அந்த அடிப்படையை ஒப்புக்கொள்ளாமல், விந்தணு பாதிப்பை வைத்து 200 நனோகிராம் என்றது. எதிர்த்தவர்களும் பழைய எண்ணில் நிற்கவில்லை. அவர்களே 20 மடங்கு கீழே இறங்கினார்கள் என்பதைக் கவனியுங்கள்.

டின் மீனில் போட்டுப் பார்ப்போம். 10 கிலோ பிள்ளை, 30 கிராம் மீன். டின்னில் கிலோவுக்கு 50 மைக்ரோகிராம் என்று வைத்துக்கொள்வோம். 2024 தடைக்கு முன் உணவுக்குள் கசியலாம் என்று ஐரோப்பா விட்டிருந்த உச்ச வரம்பு அது. பெரும்பாலான டின் அதற்குக் கீழேதான் இருக்கும். பிள்ளைக்குப் போவது 1,500 நனோகிராம்.

2015 கணக்கில் ஒரு நாளைக்கு 40,000 வரை போகலாம். இது அதில் 27இல் ஒரு பங்கு. பி.எஃப்.ஆர். கணக்கில் 2,000 வரை. முக்கால் பங்கு நிரம்பிவிட்டது. 2023 கணக்கில் 2 நனோகிராம்தான். 750 மடங்கு அதிகம். ஒரே மீன் துண்டு, மூன்று தீர்ப்பு. பெற்றோருக்கு இதை அப்படியே சொல்லலாம்.

மனிதரில் நீரிழிவு, இருதய நோய், சூலக நீர்க்கட்டி ஆகியவற்றோடு தொடர்பு காட்டிய ஆய்வுகள் பல. ஆனால் ஒரே ஒரு சிறுநீர் மாதிரியை வைத்து எடுத்தவைதான் அநேகம். ஆறு மணித்தியால அரைவாழ்வு உள்ள பொருளுக்கு ஒரு மாதிரி நேற்றைய சாப்பாட்டைத்தான் காட்டும். அதனால் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஈஸ்ட்ரஜன் ஓமோன் போல பி.பி.ஏ. வேலை செய்யும் என்பது மட்டும் புதிதல்ல; 1936இலேயே லண்டனில் டொட்ஸும் லோசனும் காட்டிவிட்டார்கள். அப்போது பொலிகாபனேட்டே இல்லை.

#8 நானுஓயா_நிலையம்

கணக்கு விளங்குது. 200ஐ வெச்சு வேலை செய்யலாம்னு என் கட்சி. ஆனா டின் மீனை நிப்பாட்டுங்கன்னு ஒரேயடியா சொல்லிராதீங்க. புரதம் குறைஞ்ச பிள்ளைக்கு இன்னைக்கே நட்டம்.

#9 பழையபேணி

நிப்பாட்ட வேண்டாம், பதிலுக்கு என்ன போடுறதுன்னு முதல்ல பாருங்க. ரெண்டு நாள்ல ஒரு நாளை முட்டைக்கோ பருப்பும் நெத்தலியும் கலந்ததுக்கோ மாத்தினா டின் மீன்ல இருந்து வர்றது பாதியாகும். நெத்தலிய ரெண்டு தரம் சுடுதண்ணில அலசி உப்பைக் குறைக்கணும், சின்னப் பிள்ளைகளாச்சே. சோயா மீட் பக்கெட்டும் சரி, அதுல எபொக்சி இல்ல.

டின் பற்றி மூணு தப்பான நம்பிக்கை:

நசுங்கின டின்ல பி.பி.ஏ. கூடும் என்பாங்க. 2004ல இங்கிலாந்துல வெளியான சோதனைப்படி, உள் பூச்சுல இருந்து வர்றதுல 80 முதல் 100 சதவீதம் தொழிற்சாலைல டின்னை மூடி அவிக்கும்போதே (121 பாகை) மீனுக்குள்ள போயிருது. பிறகு ஒன்பது மாசம் வெச்சாலும், நசுக்கினாலும் மாற்றமில்ல. நசுங்கின டின்னை விலக்குறது சரிதான், ஆனா காரணம் வேற: பொருத்து விட்டுப் போய் கிருமி நுழையும்.

தண்ணிய வடிச்சா போயிரும் என்பாங்க. போகாது. பி.பி.ஏ. கெட்டிப் பகுதியோடதான் ஒட்டி நிக்கும். வடிச்சா உப்புக் குறையும், அவ்வளவுதான்.

'டின்னோட அடுப்புல வெச்சா கழுவுற வேலை மிச்சம்.' இதுதான் மூணுலயும் மோசம். திறந்த டின்னை நெருப்புல வெச்சா உள் பூச்சு கருகும்.

வாங்கும்போது லேபிளைப் பாருங்க. எபொக்சிக்குப் பதிலா அக்ரிலிக், பொலியெஸ்டர் பூச்சுப் போட்ட டின்னும் இப்ப சந்தைல வருது. ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர்ல உணவு படுற சாமான் எல்லாத்துலயும் பி.பி.ஏ.யைத் தடை பண்ணிச்சு. சட்டம் 2025 ஜனவரி 20ல நடைமுறைக்கு வந்துச்சு, பொதுவான மாற்றக் காலம் 2026 ஜூலை 20 வரை. பதப்படுத்தின பழம், மரக்கறி, மீனுக்கு மட்டும் 2028 ஜனவரி 20. ஏன் மீனுக்குக் கூடுதல் காலம்? மாற்றுப் பூச்சு உப்பையும் மீன் எண்ணெயையும் நாள்பட்டுத் தாங்கணும், அது லேசுப்பட்ட வேலை இல்ல.

#10 பீலிக்கரை

எல்லாரும் கேனையும் டின்னையும் பேசுறீங்க. இந்த இழையில் என்னைப் பயமுறுத்துவது அந்தத் தாங்கிதான். டிசம்பரில், நுவரெலியாவில், எபொக்சி!

எபொக்சி இரண்டு டின்னில் வரும். 'ஏ' டின்னில் ரெசின்; பி.பி.ஏ.யில் இருந்து செய்த டைகிளிசிடைல் ஈதர். 'பி' டின்னில் இறுக்கி, அமீன். இரண்டும் முழுக்க வினைபுரிந்தால் கெட்டியான வலை. கசிவு மிகக் குறைவு. பாதியில் நின்றால் ரெசினும் அதோடு வந்த மிச்ச பி.பி.ஏ.யும் தண்ணீருக்குள் போகும். பாதியில் நிற்க வைப்பது குளிரும் ஈரமும். மலைநாட்டில் இரண்டும் இலவசம்.

சாதாரண எபொக்சி 10 பாகைக்குக் கீழே அநேகமாக வினைபுரியாது. 25 பாகையில் முழு இறுக்கம் 7 நாள் என்று டின்னில் போட்டிருந்தால், 15 பாகையில் 14 நாள் கணக்கு வையுங்கள். நுவரெலியாவில் இரவு 10க்குக் கீழே இறங்கினால் அந்த இரவுகள் கணக்கில் வராது.

ஈரத்துக்கு விதி: சுவரின் வெப்பநிலை பனிநிலையைவிட (காற்றின் ஈரம் துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 3 பாகையாவது மேலே இருக்கணும், காற்றின் ஈரப்பதன் 85 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. காற்று 18 பாகை, ஈரப்பதன் 85 என்றால் பனிநிலை 15.5 கிட்ட. சுவர் 18.5 இருக்கணும். சீமெந்துத் தாங்கியின் சுவர் காலையில் 14இல் நிற்கும். அன்றைக்குப் பூசக் கூடாது. மீறிப் பூசினால் மேலே மெழுகு போல ஒரு வழுவழுப்பு வரும். அமீன் காற்றின் ஈரத்தோடும் காபனீரொட்சைட்டோடும் சேர்ந்த உப்பு. அதற்கு மேல் அடுத்த பூச்சு ஒட்டாது, தாள் தாளாக உரியும். வந்துவிட்டால் கரைப்பானால் துடைக்காதீர்கள். இளஞ்சூட்டுத் தண்ணீர், சவர்க்காரம், நைலோன் நார், பிறகு நல்ல தண்ணீர்.

சூடாக்கலாமே என்று மண்ணெண்ணெய் அடுப்பை உள்ளே வைப்பார்கள். அது கக்குவதே நீராவியும் காபனீரொட்சைட்டும். வழுவழுப்பை நாமே உண்டாக்குவது. மூடிய தாங்கிக்குள் ஆளுக்கும் ஆபத்து. மின் சூடேற்றியை வெளியே வைத்து, குழாயால் காற்றை உள்ளே ஊதுங்கள். உள்ளே ஒருவர் இறங்கினால் வாயிலில் ஒருவர் கட்டாயம்.

டிசம்பரை விடுங்கள். ஹட்டன், நுவரெலியாப் பக்கம் என்றால் பெப்ரவரி கடைசி, மார்ச் முதல் பாதி. காலை 10 முதல் பின்னேரம் 2 வரை. பதுளை, பண்டாரவளை என்றால் ஜூன் முதல் ஓகஸ்ட்.

#11 புள்ளக்காம்பரா

அண்ணே, அளவு, செலவுக்கு ஒரு கணக்கும் தாங்க. பூசி முடிஞ்ச பிறகு இறுகிருச்சான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

#12 பீலிக்கரை

உங்கள் தாங்கிக்குச் சுவர் 24 சதுர மீட்டர், தரை 9, மொத்தம் 33. கரைப்பான் இல்லாத எபொக்சி 1 லீட்டர், 200 மைக்ரோன் தடிப்பில் 5 சதுர மீட்டருக்கு வரும். இரண்டு பூச்சுக்கு 13.2 லீட்டர்; சேதாரம் சேர்த்து 15. குறைவாகக் கேட்பவர் தண்ணியாக்கிப் பூசப்போகிறார் என்று அர்த்தம்.

பூசுபவரிடம் முதலில் கேட்க வேண்டியது, குடிநீருக்கான சான்று. என்.எஸ்.எஃப். 61 அல்லது பி.எஸ். 6920. 'தரைக்குப் போடுறதும் இதே சாமான்தான்' என்று சொன்னால் அந்த ஆளை அனுப்பிவிடுங்கள்.

டின்களை முதல் நாள் இரவே 20 பாகைக்கு மேற்பட்ட அறையில் வையுங்கள். குளிர்ந்த ரெசின் தேன் போல நிற்கும். அதை இளக்க தின்னர் ஊற்றுவார்கள், அந்தத் தின்னர் பூச்சுக்குள் சிறைப்பட்டுப் பிறகு மாசக்கணக்கில் தண்ணீரில் மணக்கும். ஏ டின் முழுவதையும் பி டின் முழுவதோடும் கலக்குவதே பாதுகாப்பு. கண் மதிப்பில் பாதி பாதி பிரித்தால் ஒன்று மிஞ்சும். மெதுவாகச் சுற்றும் கலக்கியால் 3 நிமிடம், பக்கமும் அடியும் சுரண்டி. வாளியின் ஓரத்தில் கலங்காமல் நின்றதைத் தூரிகையால் வழித்துப் பூசுவார்கள். அந்த இடம் எப்போதும் ஒட்டும். புதுச் சீமெந்து என்றால் 28 நாள் காயணும்.

இறுகியதா என்று பார்க்க: நகத்தால் அழுத்தினால் தடம் விழக் கூடாது. பிறகு வெள்ளைப் பருத்தித் துணியில் அசிற்றோன் நனைத்து ஒரே இடத்தில் 25 தரம் போய் வரத் தேயுங்கள். துணியில் நிறம் வந்தாலோ பூச்சு மென்மையானாலோ இன்னும் முடியவில்லை. ஏ.எஸ்.டி.எம். டி5402 என்ற முறை இந்தத் தேய்ப்புத்தான். நான்கு மூலை, தரை, வாயில் விளிம்பு எல்லாம் பாருங்கள். நடுச்சுவர் எப்போதும் நன்றாகத்தான் இருக்கும்.

முடிந்தபின் கழுவி, நிரப்பி, 24 மணித்தியாலம் விட்டு, வெறுமையாக்குங்கள். இரண்டு தரம். குளோரீன் அதன்பின் மட்டும். இறுகாத பூச்சில் குளோரீன் ஊற்றினால் பி.பி.ஏ.யோடு சேர்ந்து குளோரீன் ஏறிய பிஸ்பினோலும் குளோரோபீனோலும் உருவாகும்; தண்ணீர் மருந்து மணக்கும். 18,000 லீட்டருக்கு லீட்டருக்கு 10 மில்லிகிராம் என்றால் 180 கிராம் குளோரீன். 30 சதவீத வெளிற்றும் தூளில் 600 கிராம். 24 மணித்தியாலம். அந்தத் தண்ணீரை ஓடையில் திறக்காதீர்கள், மீன் செத்துப்போகும், நிலத்தில் பரவவிடுங்கள்.

எனக்குக் கேட்டால் இவ்வளவும் வேண்டாம். வெடிப்பை வெட்டித் திறந்து சீமெந்துச் சாந்தால் அடைத்து, குடிநீர்ச் சான்றுள்ள சீமெந்து அடிப்படைப் பூச்சு இரண்டு கை. ஈரச் சுவரில்தான் அது பிடிக்கும். நம் மலைக்கு ஏற்ற பூச்சு அதுதான், பிஸ்பினோலும் இல்லை.

#13 ஊவாக்காற்று

தண்ணியப் பரிசோதிக்கணும்னா கவனம். கண்ணாடிப் போத்தல்ல மட்டும் எடுங்க, கபில நிறமா இருந்தா நல்லது, மூடிக்குள்ள அலுமினியத் தாள். பிளாஸ்டிக்ல எடுத்த மாதிரிக்கு அர்த்தமே இல்ல. 4 பாகைல, அன்னைக்கே ஆய்வுகூடம் போய்ச் சேரணும். காசு கட்டுறதுக்கு முன்ன, எல்.சி.-எம்.எஸ். கருவியாலதான் பாக்கிறீங்களா, எந்த அளவு வரைக்கும் கண்டுபிடிக்கும்னு கேளுங்க. ஐரோப்பிய குடிநீர் வரம்பு லீட்டருக்கு 2.5 மைக்ரோகிராம். 'கண்டறியப்படவில்லை'ன்னு தாள் வந்து, அந்தக் கருவியோட எல்லையே 10ஆ இருந்தா அந்தத் தாள் எதுக்கு?

#14 கிரேஸ்கூடை

'பி.பி.ஏ. இல்லை'ன்னு ஒட்டினதை வாங்கினா போதும்தானே?

#15 சோதனைக்குழாய்

போதாது. ஏவை எடுத்துவிட்டு அதன் நெருங்கிய உறவுகளான பிஸ்பினோல் எஸ், எஃப் போட்டாலும் அந்த லேபிள் பொய்யாகாது. 2015இல் வந்த தொகுப்பாய்வு ஒன்று, ஓமோன் வேலையில் எஸ்ஸும் எஃப்பும் ஏவுக்குச் சமமான தரத்தில் இருப்பதாகக் காட்டியது. லேபிளை விட்டு, என்ன பொருளால் செய்தது என்று பாருங்கள்: கண்ணாடி, 304 எவர்சில்வர், பொலிப்புரொப்பிலீன், பொலித்தீன். இவற்றில் பிஸ்பினோல் சேர வேலையே இல்லை.

அலுமினியப் போத்தல் வாங்கும்போது உள்ளே டோர்ச் அடியுங்கள். பொன்னிறப் பளபளப்பு இருந்தால் அது பூச்சு, அநேகமாக எபொக்சி. எவர்சில்வருக்குப் பூச்சுத் தேவையில்லை.

லேபிள் ஏமாற்றுவதற்கு நல்ல உதாரணம் கடை பில். வெப்பத் தாளில் நிறையில் 1 முதல் 2 சதவீதம் வரை பி.பி.ஏ. இருக்கும், பிணைப்பில்லாமல் தூளாக. ஐரோப்பாவில் 2020 ஜனவரி முதல் 0.02 சதவீதத்துக்கு மேல் கூடாது. அநேகம் பேர் எஸ்ஸுக்கு மாறினார்கள். நகத்தால் கீறினால் கறுத்தால் வெப்பத் தாள். கை சுத்தமாக்கும் ஜெல் பூசின ஈரக் கையால் பிடித்தால் தோல் வழியே பல மடங்கு ஏறும். நிலையத்தில் பில்லைப் பிள்ளைகளிடம் கிறுக்கக் கொடுக்காதீர்கள், கொம்போஸ்ட் குழியில் போடாதீர்கள்.

#16 பழையபேணி

அடுப்புலயும் போடாதீங்க. பொலிகாபனேட், வெப்பத் தாள் ரெண்டையும் எரிச்சா பி.பி.ஏ.ல ஒரு பங்கு அப்படியே புகையோட போகும். உலகத்துப் பல இடங்கள்ல காற்றை அளந்து 2010ல வெளியிட்ட ஆய்வுல, பிளாஸ்டிக் எரிப்பைக் காட்டுற சேர்வையும் பி.பி.ஏ.யும் ஒண்ணா ஏறி இறங்கிச்சு. சென்னைக் காற்றும் அதுல ஒண்ணு. லயத்துக்குப் பின்னால குப்பைக் குழி மூட்டம் போடுற இடத்துல, கேனை மாத்தியும் புண்ணியமில்ல.

தூக்கி ஓடைல போட்டா? நம்ம தண்ணி கீழ போற தண்ணி. கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலியா ஓயாவும் சேர்ந்துதான் களனி கங்கை, கொழும்புக்குக் குடிக்கக் கொடுக்கிற ஆறு. கண்டில கொஹாகொட குப்பைமேடு மகாவலிக் கரையோரம். காத்தோட்டமுள்ள ஆத்துத் தண்ணில பி.பி.ஏ. சில நாள்ல பாதியாகும், நுண்ணுயிர் தின்னுரும். நீர்த்தேக்கத்து அடிச் சேறுல ஒட்சிசன் இல்ல, அங்க நாள்பட நிக்கும். குப்பைமேட்டுச் சாறு எவ்வளவு கடுமையா இருக்கும்னா, ஜப்பான்ல லீட்டருக்கு 17,200 மைக்ரோகிராம் வரை அளந்திருக்காங்க. குடிநீர் வரம்பு 2.5னு மேல சொன்னாங்க.

மரக்கறித் தோட்டத்துல குருவி விரட்டக் கட்டுற பழைய சீ.டி.யும் பொலிகாபனேட்தான். வெயில்ல மஞ்சளாகி நொறுங்க முன்ன கழட்டி எடுத்திருங்க. பொலித்தீன் கூடாரத்துல அந்தப் பிரச்சினை இல்ல.

#17 நானுஓயா_நிலையம்

ஒண்ணு சேத்துக்கிறேன். பிஸ்பினோலுக்குப் பயந்து, 7 கேனை எறிஞ்சிட்டு மருந்து வந்த 2 இலக்கக் கேனைக் கழுவித் தண்ணி பிடிக்கிற ஆளுங்க இருக்காங்க. அந்தக் கேன்ல பிஸ்பினோல் இல்லதான். பூச்சிமருந்து இருக்கு. மூணு தரம் அலசினாலும் பிளாஸ்டிக்குள்ள ஊறினது வராது. வேணாம், செய்யாதீங்க.

#18 புள்ளக்காம்பரா

பட்டியலைத் திருத்தியாச்சு: கேன் 6 போய், மூடியும் குழாயும் வெச்ச 20 லீட்டர் எவர்சில்வர் தாங்கி 4. பால் கரைக்க எவர்சில்வர் கோப்பை, இலக்கமில்லாத போத்தல் எல்லாம் வெளில. டின் மீன் கிழமைக்கு ஒரு நாள். எபொக்சி விலைமனுவை நிப்பாட்டச் சொல்லியிருக்கு, சீமெந்துப் பூச்சுக்குப் புது விலைமனு. ஒரு சந்தேகம்: தாங்கி வேலை நடக்கிற மூணு கிழமையும் தண்ணிக்கு என்ன வழி?

#19 பீலிக்கரை

ஒரு பிள்ளைக்கு நாளைக்கு 20 லீட்டர் என்று வைத்தால் 700 லீட்டர். 1,000 லீட்டர் பொலித்தீன் தாங்கி இரண்டு, கறுப்பு அல்லது கடும் நிறம். வெளிச்சம் புகுந்தால் பாசி பிடிக்கும். மட்டமான கொங்கிரீட் மேடையில், நிழலில். ஒன்று பயன்பாட்டில், ஒன்று நிரம்ப. முதல் நிரப்பைக் கொட்டிவிடுங்கள். பீலியில் இருந்து குழாய் போடும்போது வாயில் கம்பி வலை கட்டாமல் விட்டால் முதல் மழைக்கே இலையும் மணலும் வந்து மிதவை வால்வு அடைத்துக்கொள்ளும். வலையை மழை பெய்த மறுநாள் காலையில் ஒருவர் போய்த் தட்டிவிட வேண்டும்.